கால் விரல் முன்னால் முட்டுகிறதா?

லடாக்கின் லே நகரில் நான் வேலை பார்த்த மலையேற்ற நிறுவனத்தின் சாமான் அறை ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, 38ஆம் அளவிலிருந்து 46 வரை பூட்ஸ் அடுக்கியிருப்போம். எதிர்ச் சுவரில் ஆணிகளில் பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்களான க்ராம்பான்களும், கயிற்றோடு உடம்பைப் பிணைக்கிற இடுப்பு வார்களான ஹார்னஸ்களும், ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடாலிகளும் தொங்கும். மூலையில், உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப் பைகள் இருக்கும், இறுக்கிக் கட்டாமல் தளர்வாக. உள்ளே இருக்கும் வாத்து இறகை மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் உப்பல் போய்விடும், அதோடு கதகதப்பும் போய்விடும். நான்கு பருவங்கள் அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் காங் யாட்சே இரண்டு என்ற சிகரத்துக்குப் போகிறவர்கள். மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகச் சில நாள் நடந்து, நிமாலிங் புல்வெளியைத் தாண்டி, 5,000 மீட்டரை ஒட்டிய முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, சுமார் 6,250 மீட்டர் உச்சிக்கு ஏற வேண்டும். லேவுக்குப் பக்கத்துச் சிகரமான ஸ்டோக் காங்ரியை ஏறுகிறவர்களுக்கு 2020இல் மூடிய பிறகு இந்த மலையை நோக்கி வருகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை நாலு மணிக்கு எல்லாரையும் அறைக்கு வரச் சொல்வோம். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும் என்பதால்தான் அந்த நேரம். காலையில் போட்டுப் பார்த்து கச்சிதமாக இருக்கிற பூட்ஸை நான் நம்புவதில்லை.

“அண்ணா, இது மைனஸ் இருபது தாங்குமா?” என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. கையில் புதிதாக வாங்கிய ஜாக்கெட் இருக்கும். விலை அதிகமானதாக, தடிமனானதாக இருக்கும். நான் ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸைக் காட்டச் சொல்வேன். சிலருக்கு முகம் சுருங்கும். என் அனுபவத்தில் ஜாக்கெட்டால் திரும்பி வந்தவர்கள் குறைவு. காலாலும் கையாலும்தான் திரும்பியிருக்கிறார்கள்.

உச்சிக்குப் போடுகிற பூட்ஸ் இரட்டையாக இருக்கும். உள்ளே மெத்தென்ற உள்காலணி, வெளியே கெட்டியான ஓடு. எந்த சாக்ஸோடு உச்சிக்குப் போகப் போகிறார்களோ அதையே போட்டு, லேஸை முழுக்கக் கட்டி, எங்களிடம் இருந்த சரிவுப் பலகையில் இறங்குமுகமாக நிற்கச் சொல்வேன். “கால் விரல் முன்னால் முட்டுகிறதா?” என்று கேட்பேன். முட்டினால் அடுத்த அளவு. பிறகு திரும்பி ஏறுமுகமாக நாலு எட்டு. குதிகால் தூக்கினால் அதுவும் ஆகாது. உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அது பாதத்தை நெரித்து ரத்தம் போகிற வழியை அடைத்துவிடும். கம்பளி எத்தனை தடிமன் இருந்தாலும், சூடு தருவது ரத்தம்தான்.

அதே பூட்ஸில் க்ராம்பானை மாட்டி, அளவைத் திருகிச் சரிசெய்து, காலை உதறச் சொல்வேன். கழன்றால் அங்கேயே தெரியட்டும். பூட்ஸின் குதிகால் பக்கம் விளிம்பு இருந்தால்தான் நெம்புகோல் வைத்த க்ராம்பான் உட்காரும். இல்லையென்றால் வார் கட்டுகிற வகைதான்.

இரண்டாவது பருவத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கிய ஒருவர் வந்திருந்தார். ஒரு வருடம் தினமும் மாடிப்படி ஏறி இறங்கி உடம்பைத் தயார் செய்தவர். அவருக்கு 43 வேண்டும். அன்றைக்கு 43 எல்லாம் வெளியே போயிருந்தது. 42 போட்டுப் பார்த்தார். விரல் லேசாகத் தொடுகிறது என்றார். சாக்ஸை மெல்லியதாக மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அவரும் சரி என்றார். அவருக்குக் கிளம்ப வேண்டும் என்ற ஆசை, எனக்கு வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

உச்சிக்குப் போகிற இரவில், 5,700 மீட்டருக்குப் பக்கத்தில், வலது பெருவிரலில் உணர்வே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வழிகாட்டி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவரைக் கீழே கூட்டி வந்துவிட்டார். கூடாரத்தில் அவருடைய வெறும் பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். விரல் பிழைத்தது. நகம் கறுத்து உதிர்ந்தது, மரமரப்பு போகப் பல வாரங்கள் ஆனது. திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. பூட்ஸைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் அளவு இல்லையென்றால் லே பஜார் முழுக்க மற்ற வாடகைக் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். கிடைக்கவில்லையென்றால் கிளம்புவதைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். அதற்காக அலுவலகத்தில் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

உடை விஷயத்தில் எல்லாரும் குளிரை நினைக்கிறார்கள். நான் வியர்வையை நினைக்கச் சொல்வேன். செங்குத்தில் ஏறும்போது உடம்பு கொதிக்கும், முதுகு நனையும். கயிறு கட்டுவதற்காகப் பத்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே ஆளை நடுக்கிவிடும். அதனால்தான் உடம்பை ஒட்டி பருத்தி பனியன் வேண்டாம் என்பது. பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போட்டு, மேலே மெத்தென்ற ஒரு ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். வாத்து இறகு ஜாக்கெட் நிற்கிற நேரத்துக்கு. நடக்கும்போது அது பையின் மேல் வாயில், கை போட்டால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். வியர்வையிலோ பனியிலோ நனைந்துவிட்டால் அது வெறும் சுமை. முகாமிலிருந்து கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை.

புதிய உடையைக் கண்டு சந்தேகப்படுவது பழைய பழக்கம்தான். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற மலையேறி பலூன் துணியில் வாத்து இறகு அடைத்த ஒரு கோட்டைத் தைத்துக்கொண்டு போனார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மேலே காற்று அடிக்க ஆரம்பித்ததும் அந்தக் கோட்டின் மேல் பொறாமைப்பட்டார்கள்.

கையுறைக்கு வந்தால் நான் பிரெஞ்சு மலையேறி மாரீஸ் ஹெர்சோக்கின் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 1950 ஜூன் 3ஆம் தேதி அன்னபூர்ணா உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது, பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்று சாக்ஸ் இருந்தது, அதைக் கையில் மாட்டியிருக்கலாம். அந்த உயரத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. குளிரில் சதை உறைந்துபோகிற பனிக்கடியால் விரல்கள் போயின. 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறவருடைய மூளை சாமான் அறையில் நிற்கிறவருடைய மூளை இல்லை. மேலே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று எதையும் விடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் மணிக்கட்டில் மாட்டுகிற நாடா கட்டுவேன். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டே ஹார்னஸ் பக்கிளைப் போடச் சொல்வேன், ஹெட்லாம்ப்பை எரிய வைக்கச் சொல்வேன், ஜிப்பை இழுக்கச் சொல்வேன். ஜிப்பின் நாக்கு பிடிபடாவிட்டால் அதில் ஒரு துண்டுக் கயிறு முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். இரண்டு ரூபாய்கூடப் பெறாத கயிறு. கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்து பார்த்த ஒரு பெண் உண்டு, அவராகவே யோசித்தது அது. உச்சியைத் தொட்டு வந்தவர்.

வெயில் கண்ணாடி மிகக் கறுத்த நான்காம் வகை, பக்கவாட்டிலும் வெளிச்சம் புகாதது. புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும், மூடிப் பக்கம் உறையாது. பூட்ஸின் உள்காலணி, பேட்டரி எல்லாம் இரவில் தூக்கப் பைக்குள். எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாகத் தொட்ட நாளான 1953 மே 29 காலை ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடந்தது, அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் போனது. டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார். அன்று டென்சிங் உடுத்தியிருந்ததை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். சாக்ஸ் மனைவி பின்னியது, பூட்ஸ் சுவிஸ்காரர்கள் தந்தது, கழுத்தில் நண்பர் லாம்பேர் கொடுத்த சிவப்புத் துணி.

இவ்வளவும் பணம் கட்டி வருகிறவர்களுக்கு. கூடவே ஏறுகிற உதவியாளர்களுக்கு என்ன தருகிறோம் என்பதை நான் கவனிக்கவே மூன்று வருடம் ஆனது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லாரும் ஆச்சோ என்று கூப்பிடுவோம், லடாக்கியில் அண்ணன். சரிவுப் பலகையைச் செய்து தந்தவரே அவர்தான். விருந்தினர்களுக்குக் கொடுத்து மீந்ததை அவர் எடுத்துக்கொள்வார். 41 கால்காரர், 43 பூட்ஸில் செய்தித்தாள் திணித்துக்கொண்டு கயிறு கட்டப் போயிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுவாயா?” என்றார். கோபமே இல்லாத குரல்.

நான்காவது பருவத்தில் முறையை மாற்றினேன். விருந்தினர்கள் நாலு மணிக்கு வந்தால், எங்கள் ஆட்கள் மூன்று மணிக்கு. அளவுப் பட்டியலில் அவர்களுடைய எண்கள் மேலே, வருகிறவர்களுடையது கீழே. முதல் நாள் ஆச்சோ தயங்கித் தயங்கி வந்து, 41ஐப் போட்டு லேஸைக் கட்டிக்கொண்டு, தான் செய்த பலகையில் தானே ஏறி நின்றார். நான் கேட்டேன். அவர் குனிந்து பாதத்தைப் பார்த்தார், விரல்களை உள்ளே அசைத்தார், உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்தார். பிறகு வலது கால் பூட்ஸை மட்டும் கழற்றி, “இன்னொரு தரம் சாக்ஸைச் சரியாக இழுத்துப் போட்டுப் பார்க்கிறேன்” என்றார்.