நீக்கச் சொன்ன ஏழாவது புள்ளி

“இடது ஓரப் புள்ளியை நீக்கிவிடட்டுமா, சார்?” என்று அந்த இளநிலை ஆய்வாளர் கேட்டார். “நீக்கிவிடுங்கள், மாதிரி எடுத்ததில்தான் பிழை” என்றேன். நிலக்கரித் தூளை எரிக்கும் எங்கள் உலையில், சுடரின் குறுக்கே ஏழு இடங்களில் எடுத்த சாம்பலில், அந்த ஓரத்தில் மட்டும் எரியாத கரி மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது.

நான் காரணமில்லாமல் சொல்லவில்லை. சாம்பல் மாதிரியை இழுக்கும் உறிஞ்சுகுழாயின் உறிஞ்சுவேகம் உலைவாயுவின் வேகத்தைவிடக் குறைந்திருந்ததைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அப்படிக் குறைந்தால், நுண்துகள்கள் வாயுவோடு வளைந்து குழாயை விலக்கிப் போய்விட, பெரிய துகள்கள் தம் உந்தத்தால் நேரே உள்ளே வந்து விழும். எரிந்து முடியக் கூடுதல் நேரம் பிடிப்பவையும் அவையே என்பதால், எரியாத கரி உண்மையைவிட மிகுந்து தெரியும்.

அவர் போகுமுன் இன்னொன்றும் சொன்னார்: “பர்னருக்குத் தூள் கொண்டுவரும் குழாய் வளைவின் வெளிப்பக்கமும் அந்தப் பக்கம்தான், சார்.” நான் பதில் சொல்லவில்லை. வளைவைக் கடக்கும் நிலக்கரித் தூள் வெளிச்சுவரோடு ஒதுங்கிக் கயிறுபோலத் திரளும் என்பதும், பர்னருக்கு முன் போதிய நேர்நீளம் இல்லாவிட்டால் அது கலையாமலே சுடருக்குள் நுழைந்து, ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் தவிக்கவிடும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. 75 மைக்ரான் சல்லடையில் 70 விழுக்காடு இறங்குகிறதா என்று வாரக்கணக்கில் தூளைச் சலித்த நாங்கள், அது காற்றோடு சீராகக் கலந்திருப்பதாக மட்டும் எளிதாக நம்பிக்கொண்டோம்.

இரண்டு விளக்கங்களும் அந்த எண்ணை ஒரே திசையில்தான் தள்ளுகின்றன. சுழலும் சுடரில் வளைவின் பக்கம் அதே பக்கமாக வந்துசேர வேண்டியதில்லை என்று பின்னர் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் நாங்கள் சுழற்றியது எரிவதற்கெனத் தனியே செலுத்திய இரண்டாம்நிலைக் காற்றை, தூளைச் சுமந்துவந்த முதல்நிலைக் காற்றை அல்ல. உலையை மறுநாள் அணைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அன்று மாலைவரை அது எரிந்துகொண்டுதான் இருந்தது என்பதும் உண்மை. வேகத்தைச் சரிசெய்து அந்த ஓரத்தில் இன்னொரு மாதிரி எடுக்க ஒரு மணி நேரம் போதும்.

வேகம் பொருந்தாத மாதிரியை இன்றும் நான் சராசரியில் சேர்க்க மாட்டேன். ஆறு புள்ளிகளின் சராசரியோடு அறிக்கை அச்சான பிறகு, வேறெதற்கோ அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். மற்ற ஆறு மாதிரிகளிலும் உறிஞ்சுவேகம் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்திருந்தது. அன்று நான் பார்த்தது ஏழாவது வரியை மட்டும்.