கல்யாண மண்டபமும் என் கிட்டாரின் மூன்று பிக்கப்பும்

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் விழா என்று மாதம் ஏழெட்டு நிகழ்ச்சி வரும். இத்தனை வருடமும் ஒரே கிட்டார்தான். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று: நெக் எனும் கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில், தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் ஹம்பக்கர். அதன் கழுத்து என் கைக்கு அவ்வளவு பழகிவிட்டது. மரத்திலோ ஃபிரெட்டிலோ குறை சொல்ல எதுவுமில்லை. பிக்கப் மட்டும்தான் என்னைப் படுத்தியது.

போன ஆவணி முகூர்த்தத்தில் ஒரு ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் சீரியல் செட், மேலே விளக்குகளுக்கு டிம்மர், ஓரத்தில் எல்.இ.டி. திரை, எல்லாம் ஒரே லைனில். சிங்கிள் காயிலுக்கு மாற்றியதும் ஸ்பீக்கரில் வண்டு குடைகிற மாதிரி இரைச்சல். டிரம்ஸ் பக்கம் திரும்பி நின்றால் குறைகிறது, ஜனங்களைப் பார்த்து நின்றால் ஏறுகிறது. அப்போது ஒரு தாலாட்டுப் பாட்டு. முன்னிசையை விரலால் மெல்ல எடுக்க வேண்டும். கீபோர்டு அண்ணன் காதருகே குனிந்து, "தம்பி, அது என்னன்னு கொஞ்சம் பாருப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அன்றோடு மறந்திருப்பேன். அந்தத் தணிந்த குரல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள், பிக்கப்புகளைத் தாங்கும் முன்தகடான பிக்கார்டைக் கழற்றினேன். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி. இரும்புத் தந்தி மேலே அதிரும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அதே கம்பி, நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஓசையையும் ஆண்டெனா மாதிரி வாங்கிக்கொள்கிறது. இதற்கு மருந்தாகத்தான் 1955இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்தார். இரண்டு காயில், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்த முனை. தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஸ்ட்ராட்டில் நடு பிக்கப்பை மட்டும் சுற்றையும் முனையையும் திருப்பிச் செய்தால் ஐந்து இடச் சுவிட்சில் நடுவோடு பிரிட்ஜ் சேரும் இரண்டாம் இடத்திலும், நடுவோடு நெக் சேரும் நான்காம் இடத்திலும் இதே பலன் கிடைக்கும். 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த ஏற்பாடு இல்லை. அப்போது சுவிட்சுக்கே மூன்று இடம்தான்.

என் கிட்டாரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, வாஸ்து பார்க்கப் பயன்படும் சின்ன காம்பஸ் ஒன்றை எடுத்தேன். பிக்கப்புக்கு ஒரு சாண் தள்ளியே பிடித்து மெல்லக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஒரேயடியாக ஒட்டினால் ஊசியின் காந்தமே மாறிவிடும். நெக்கின் மேலும் நடுவின் மேலும் ஊசியின் ஒரே முனை இழுபட்டது. அதாவது இரண்டும் ஒரே மாதிரி. நான் பாதிக் கச்சேரி வாசிப்பது நான்காம் இடத்தில். இரைச்சல் அடங்க வேண்டிய அந்த இடத்திலேயே அது அடங்காமல் அப்படியே இருந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு தவறு செய்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு முரட்டு ஹம்பக்கர் வாங்கிப் போட்டேன். செராமிக் காந்தம், மின்தடை 16 கிலோ ஓம். வீட்டில் வாசித்தபோது கர்ஜித்தது, சந்தோஷமாக இருந்தது. மேடையில் பிரிட்ஜிலிருந்து நெக்குக்கு மாறிய நொடியில் கிட்டார் காணாமல் போனது. சவுண்டுக்காரர் ஃபேடரை ஏற்றினார். அடுத்த பல்லவிக்கு நான் பிரிட்ஜுக்குத் திரும்பியதும் மேடை மானிட்டர் ஸ்பீக்கர் அலறியது. ஹம்பக்கரைத் தந்தியிலிருந்து எவ்வளவு இறக்கியும் சமன் வரவில்லை. கீழே போகப்போக ஒலியின் முனை மழுங்கியது, பலம் மட்டும் போதிய அளவு குறையவில்லை.

அந்த முரட்டுப் பிக்கப்புகளுக்கு ஒரு நியாயம் உண்டு. 1972இல் டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் வந்ததே, வால்வு ஆம்ப்பை முன்வாசலிலேயே திணறடித்து உறும வைப்பதற்காக. எனக்கு ஆம்ப்பே கிடையாது. மல்ட்டி எஃபெக்ட் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிறேன். உறுமல் வேண்டுமென்றால் பெடலில் ஒரு குமிழைத் திருகினால் போதும். அதிகப்படி வோல்ட்டேஜ் எனக்கு எந்த உபகாரமும் செய்யாது.

ஆகவே இந்த முறை தலைகீழாக யோசித்தேன். பெரும்பாலும் எல்லோரும் பிரிட்ஜ் ஹம்பக்கரைத்தான் முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்ப மற்றதைத் தேடுகிறார்கள். நான் ஒரு கச்சேரியின் பாட்டுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் சுவிட்ச் எங்கே இருந்தது என்று பென்சிலால் குறித்தேன். 28 பாட்டில் 17 பாட்டு நான்காம் இடம் அல்லது நெக். எண்பதுகளின் பாட்டுகளில் வரும் அந்தத் தெளிந்த ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுப்பது) எல்லாம் அங்கேதான். ஹம்பக்கர் தனியாக வேலை செய்தது ஐந்தே பாட்டில், குத்துப் பாட்டின் இடையிசையிலும் கடைசி அரைமணி நேரத்திலும். அப்படியானால் வீட்டுக்காரர் சிங்கிள் காயில்தான், ஹம்பக்கர் அவரோடு ஒத்துப்போக வேண்டிய ஆள். இந்த ஒன்றைத் தீர்மானித்த பிறகு மற்ற முடிவுகள் தானாக வரிசையில் வந்து நின்றன.

நெக்குக்கும் நடுவுக்கும் சீமோர் டங்கனின் எஸ்.எஸ்.எல்-2. அல்னிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம், கம்பெனி சொல்லும் மின்தடை ஏறக்குறைய 6.5 கிலோ ஓம். நடுவுக்குத் திருப்பிச் சுற்றிய வகையைக் கேட்டு வாங்கினேன். காந்தத் தண்டுகள் ஒரே மட்டத்தில் இருக்கும் மாதிரி இது. ஏற்ற இறக்கமாக நிற்கும் பழைய பாணியை வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்த உயர வரிசை, மூன்றாம் தந்தியும் கம்பி சுற்றியதாக இருந்த காலத்துக் கணக்கு. நாம் இன்று போடும் வெறும் கம்பித் தந்தி அந்த உயரத் தண்டின் மேல் மற்ற தந்திகளை மீறிக் கத்தும்.

பிரிட்ஜுக்கு டிமார்சியோ பி.ஏ.எஃப். புரோ, 8.4 கிலோ ஓம், இதுவும் அல்னிக்கோ 5. ஒரு காயிலுக்கு 4.2 என்று பார்த்தால் இது நடுத்தர ஆள்தான். அகலத்தையும் கவனித்தேன். ஸ்ட்ராட் வகை பிரிட்ஜில் தந்திகள் விலகி ஓடும். வழக்கமான ஹம்பக்கரைப் போட்டால் ஓரத் தந்திகள் தண்டுக்கு வெளியே தொங்கும். அதற்கென்று ஏறக்குறைய 2 மி.மீ. அகலமான வகை தனியாக வருகிறது. ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன்.

கிலோ ஓம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த எண்ணை மட்டும் வைத்து "இது ஹாட், இது வீக்" என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்று கூடாமலேயே மின்தடை ஏறும். ஒரே வகைக் கம்பி, ஒரே வகைக் காந்தம் என்றால்தான் ஒப்பிடலாம். போதாததற்கு நம் ஊர் வெயில் வேறு. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்குக் கூடும். 20 டிகிரி அறையில் 8.4 காட்டும் பிக்கப், சித்திரை மாத மத்தியானம் 36 டிகிரியில் 8.9 காட்டும். பார்சலைப் பிரித்தவுடன் மீட்டரை வைத்துவிட்டு, வேறு சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று யாரும் பயந்துவிட வேண்டாம்.

மற்ற சாமான்களுக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை), சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம். பாட் மதிப்பு குறையக் குறைய உச்ச ஸ்தாயி கொஞ்சம் எர்த்துக்குப் போய்விடும், கூர்மை தணியும். இரண்டு வகையும் ஒரே கிட்டாரில் இருந்தால் ஒரு சமரசம் வேண்டும். வால்யூமுக்கு 500 போட்டேன். நெக், நடு இரண்டுக்கும் சேர்த்து ஒரு டோன், அது 250. ஹம்பக்கருக்குத் தனி டோன், 500, இழுத்தால் ஒரு காயில் மட்டும் நிற்கிற புஷ்-புல் வகை. இப்படிச் செய்ததில் சிங்கிள் காயில்களின் கீச்சு அடங்கியது, ஹம்பக்கரும் மூச்சு முட்டவில்லை. வால்யூமுக்கு வாங்கும்போது மேலே ஏ எழுத்து இருக்கிறதா, பி எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நமக்குக் கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் காதின் கணக்குப்படி படிப்படியாக ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தேன். பாட் முதுகில் எர்த் கம்பியைப் பற்றவைக்க 25 வாட் போதவில்லை. ஈயம் உருண்டை உருண்டையாக நின்றது. 60 வாட் வாங்கி வந்து, பாட் முதுகை உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பிடித்தது.

தந்தி மாட்டி வாசித்தேன். சிங்கிள் காயில்கள் மணி மாதிரி பேசின. ஹம்பக்கர் மட்டும் ஒல்லியாக, மூக்கால் பேசுவது போல ஒலித்தது. அடித்தந்தியில் சதையே இல்லை. கூடவே இரைச்சல் வேறு, அதுவும் ஹம்பக்கரில்! மீட்டரை வைத்தால் 8.7, கணக்கு சரி. பழுதான பிக்கப் வந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. திருப்பி அனுப்பும் பேச்சுக்கு முன் இன்னொரு தரம் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் கழற்றினேன்.

அப்போது செய்த சோதனையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது ஒரு நாள் காப்பாற்றும். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு காயிலின் இரண்டு முனையில் மாட்ட வேண்டும். எண் நிலைத்ததும் இரும்பு ஸ்குரூ டிரைவரைக் காந்தத் தண்டின் மேல் வெடுக்கென்று வைக்க வேண்டும். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும், பிறகு பழையபடி வரும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் விஷயம். சிவப்பு முள்ளைச் சுவிட்சுக்குப் போகிற கம்பியிலும், கறுப்பு முள்ளை எர்த் பக்கமும் வைத்து நெக்கையும் நடுவையும் தட்டினேன். இரண்டும் ஏறின. ஹம்பக்கரில் நான் இணைத்திருந்த வரிசைப்படியே ஒவ்வொரு காயிலாகத் தட்டினேன். ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது.

காரணம் புரிந்துவிட்டது. மேசையில் விரித்து வைத்திருந்தது டங்கனின் கம்பி நிறப் படம். அதில் கறுப்பு சுவிட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று, பச்சை எர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்புதான் சுவிட்சுக்குப் போக வேண்டும். கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும், பச்சை எர்த். ஒரு கம்பெனியின் படத்தை வைத்து இன்னொரு கம்பெனிப் பிக்கப்பை இணைத்திருக்கிறேன். ஒரு காயில் தலைகீழாகிவிட்டது. தந்தியின் ஒலி ஒன்றையொன்று தின்றது, இரைச்சல் இரண்டும் கூடி நின்றது. சேத் லவர் செய்ததற்கு நேர் எதிர். தொடராக இணைந்த இரண்டு காயிலின் மின்தடை எந்தத் திசையில் இணைத்தாலும் ஒன்றுதான், அதனால் மீட்டர் காட்டிக்கொடுக்கவில்லை.

நிறத்தை மாற்றி இணைத்துத் தட்டியபோது எல்லாம் ஏறின. ஒருவேளை ஹம்பக்கர் முழுதுமே எதிர்த்திசையில் காட்டியிருந்தால் சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் தீர்ந்திருக்கும். மற்ற கம்பிகளைச் சுற்றியிருக்கும் உறைக்கம்பி (ஷீல்டு) தனியாக இருப்பதால் அது சாத்தியம். உறைக்கம்பியே எர்த்தாக இருக்கும் பழைய பாணிப் பிக்கப்பில் இந்த வசதி கிடையாது. வெவ்வேறு கம்பெனியை ஜோடி சேர்க்கிறவர்கள் நான்கு கம்பி வகையையே வாங்குவது நல்லது.

புஷ்-புல்லுக்கும் காம்பஸ் உதவியது. கறுப்பு-வெள்ளை இணைப்பை எர்த்தோடு சேர்த்தால் ஒரு காயில் மிஞ்சும், சுவிட்ச் பக்கத்தோடு சேர்த்தால் மற்றது மிஞ்சும். நடு பிக்கப்புக்கு எதிர்முனை காட்டிய காயில் மிஞ்சும்படி இணைத்தேன். இரண்டாம் இடத்தில் இப்போது சத்தமில்லை. அந்த ஒற்றைக் காயில் தனியாக வாசிக்க மெலிவுதான், 4.2 கிலோ ஓமில் வேறெப்படி இருக்கும்? நடுவோடு சேர்த்து மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

உள்குழியில் செப்புத் தாளும் ஒட்டினேன். அது டிம்மரின் கரகரப்பைக் குறைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் காந்த இரைச்சலை அது தடுக்காது. அதைச் சுற்றும் முனையும்தான் தடுக்கின்றன.

உயரம் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆனது, மூன்று கச்சேரி. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் தண்டுக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். சிங்கிள் காயிலைத் தந்திக்கு மிகக் கிட்டே ஏற்றினால் அல்னிக்கோ 5 தந்தியையே இழுத்து, அடித்தந்தி பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே சுருதி தள்ளாடும். அதனால் முதலில் நெக்கை நல்ல ஒலி வருமிடத்தில் நிறுத்தினேன், பிறகு நடுவை, கடைசியில் ஹம்பக்கரை அவர்களுக்குச் சமமாக வரும் வரை கால் திருகு, அரைத் திருகாக இறக்கினேன். ஒரே பெடல் அமைப்பில் ஐந்து இடத்திலும் ஒரே கார்டை அடித்து, சவுண்டுக்காரரை மீட்டர் விளக்கைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது கச்சேரியில், "ஃபேடரைத் தொடவே இல்லண்ணே" என்றார்.

தை மாதம் தாம்பரம் பக்கம் ஒரு மண்டபம், அதே மாதிரி சீரியல் செட், அதே டிம்மர். தாலாட்டுப் பாட்டை நான்காம் இடத்தில் தொடங்கினேன். முதல் ஸ்வரத்துக்கு முன் மண்டபத்தின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, தலையை மட்டும் அசைத்துவிட்டு கார்டை வைத்தார்.

நெக் மட்டும் தனியாக இருக்கும்போது இரைச்சல் இன்னும் உண்டு. ஒற்றைச் சிங்கிள் காயிலின் குரல் வேண்டுமென்றால் அதோடுதான் வாழ வேண்டும். அந்தப் பாட்டுகளில் இடைவெளி வந்தால் வால்யூமைச் சுண்டுவிரலால் மூடிவிடுகிறேன். உயர அளவுகளைப் பின்மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்: நெக், நடு இரண்டுக்கும் அடித்தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2, ஹம்பக்கர் 2.6, 2.2. தந்தியின் கனத்தை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.