பாஸ் ஆயிரம் ரூபாய், ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்

திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய்த் திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன். ஆட்டோ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பஸ் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து, விழா அரங்குகளில் ஒன்றான வழுதக்காடு டாகோர் தியேட்டருக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். குறைந்தபட்சக் கட்டணமே 30 ரூபாயாக இருந்த ஊரில், நான் தமிழில் வழி கேட்டதும் ஓட்டுநர் 150 ரூபாய் என்றார். மீட்டரைக் காட்டினேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்துக்கு நேரமாகிவிட்டதால் கொடுத்துத் தொலைத்தேன். எட்டு நாள் திரைப்பட விழாவுக்கே 2022இல் பாஸ் ஆயிரம் ரூபாய்தான் என்றிருந்தபோது இது பகல் கொள்ளை. அதன் பிறகு எங்கு போனாலும் நடைதான். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று அரங்குகளும் பஸ் நிலையத்தை ஒட்டியே இருப்பதால் தம்பானூர் பக்கம் அறை எடுப்பவர்களுக்குச் செலவு பாதியாகக் குறையும்.

27ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழா, 2022 டிசம்பர் 9 முதல் 16 வரை. தொடக்க விழாவிலேயே தொண்டை அடைத்துவிட்டது. விருது பெற வேண்டிய ஈரானிய இயக்குநர் மஹ்நாஸ் முகமதியால் வர முடியவில்லை. ஈரான் பெண்களின் போராட்டத்துக்கு அடையாளமாகத் தன் கூந்தலை வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அந்த முடிக்கற்றையை மேடையில் உயர்த்திப் பிடித்தபோது நிசாகந்தி திறந்தவெளி அரங்கமே கைதட்டியது.

சாப்பாட்டுக்கு இந்தியன் காபி ஹவுஸ். பஸ் நிலையத்துக்கு அருகே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தில் படிக்கட்டே கிடையாது. சரிவான தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சுவரோரமாக மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. சுவர்த் துளைகள் வழியே காற்று வந்துகொண்டே இருக்கும். மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே பீட்ரூட் சேர்த்த சிவந்த மசாலா, லேசான இனிப்போடு. நம் ஊர் உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் தயங்கியது. மறுநாள் காலையும் அதையே கேட்டு வாங்கினேன்.

படங்களுக்கு வருகிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்துக்குக் கூடிய கூட்டத்தை நான் எந்த நட்சத்திரத்தின் முதல் நாள் காட்சியிலும் கண்டதில்லை. முன்பதிவு செய்தவர்களே உள்ளே போக முடியாமல் கோஷம் எழுப்பினார்கள். அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளிக் குழுவில் ஒருவர், வழியில் ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் இறங்கிப் போய், அங்கே காணாமல்போன சுந்தரமாகவே வாழத் தொடங்குகிறார். அந்த வேடத்தில் மம்மூட்டி திண்ணையிலும் தெருவிலும் தமிழ் பேசித் திரிகிறார். தனியாகப் பின்னணி இசை இல்லை. வீடுகளுக்குள்ளிருந்து கசியும் பழைய தமிழ்ப் பாட்டும் பட வசனமும்தான். பழனிக்கு அருகே மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்த படம். நம் மதிய வெயிலை, நம் ஊர் உறக்கத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்க்க ஒரு மலையாள இயக்குநர் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, பொறாமையும் உண்டு. பக்கத்து இருக்கைப் பெரியவர், "உங்கள் ஊரா?" என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். பார்வையாளர் விருதும் இந்தப் படத்துக்கே கிடைத்தது.

விழாவின் முதன்மை விருதான சுவர்ண சகோரம் பொலிவியாவின் 'உத்தமா'வுக்குப் போனது. வறட்சியில் லாமா மேய்க்கும் முதிய கெச்சுவா தம்பதியின் கதை. கிடைத்தால் பெரிய திரையில் பாருங்கள். அந்த வெடித்த நிலம் கைபேசிக்குள் அடங்காது.

அடுத்த முறை போகிறவர்கள் பாஸுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஆட்டோவில் மீட்டர் போட்ட பிறகே ஏறுங்கள்.