கோயில் ஸ்பீக்கரில் கிராஸோவர் சோதித்த அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. கீழே கனமான ஒலிக்கு 12 அங்குல வூஃபர், மேலே கீச்சு ஒலிக்கு ஹார்ன் டுவீட்டர். ஆடித் திருவிழா நெருங்கும்போது ஒரு பெட்டியில் மட்டும் நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. 'டுவீட்டர் போச்சு, புதுசு வாங்கிடலாம்' என்றார்கள். இப்படித்தான் எல்லாப் பழியும் டுவீட்டர் தலையில் விழும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது வயர்களை மாற்றிப் போட்டேன். குறை அதே பெட்டியில்தான் இருந்தது. அப்புறம் அதன் டுவீட்டரைக் கழற்றி நல்ல பெட்டியில் மாட்டினேன், பளிச்சென்று பாடியது. மிஞ்சியது கிராஸோவர்தான், அதாவது கீழ் ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை டுவீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட் பலகை. பலகையை வெளியே எடுத்தால் பல்லி முட்டைகள். வயர் நிறங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சில கிராஸோவர்களில் டுவீட்டரை வேண்டுமென்றே பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்திருப்பார்கள். 'சரி செய்கிறேன்' என்று திருப்பிவிட்டால் குரல் பகுதியில் பள்ளம் விழும்.

மல்டிமீட்டரில் காயில்கள் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு காட்டின. கெப்பாசிட்டரைப் பலகையில் வைத்தே அளந்தால் மற்ற பாகங்களும் கணக்கில் சேர்ந்துகொள்ளும், அதன் இரண்டு கால்களில் ஒன்றையாவது கழற்ற வேண்டும். டுவீட்டருக்குத் தொடராக இருந்த 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஆறுகூடக் காட்டவில்லை. பழைய எலக்ட்ரோலிட்டிக், உள்ளே காய்ந்துவிட்டது.

ஈப்போவில் வாங்கும்போது பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத நான்போலார் கெப்பாசிட்டர்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இந்த வேலைக்கு ஆகாது. மற்றப் பெட்டிக்கும் அதே வயதுதானே, இரண்டிலுமே மாற்றிவிட்டேன்.

மாற்றியபின் ஸ்பீக்கர்களுக்குப் பதில் 8 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர்களை மாட்டி, போனிலிருந்து சைன் டோன் (ஒரே அதிர்வெண் கொண்ட ஒலி) ஒவ்வொன்றாகக் கொடுத்து அளந்தேன். ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ மாட்டாமல், லோடு இல்லாமல் மட்டும் சோதிக்காதீர்கள். வூஃபர் பக்கத்துக் காயிலும் கெப்பாசிட்டரும் ஒத்ததிர்வில் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயரையே பதம் பார்த்துவிடும். மலிவு மீட்டரின் ஏசி அளவீடு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமில்லை. அதனால் எண்ணைப் பெரிதாக எடுக்காமல், ஒவ்வொரு டோனுக்கும் இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்த்தேன். ஒத்துப்போயின.

டுவீட்டருக்குத் தொடராக இருக்கும் சின்ன பல்பைப் பிடுங்கிவிட்டு நேராக வயர் போட்டால் சத்தம் கூடும் என்றார் ஒரு தம்பி. நான் விடவில்லை. மைக் 'கீ' என்று கூவும்போது அந்த பல்பு எரிந்து கரண்டைக் குறைப்பதால்தான் டுவீட்டர் பிழைக்கிறது.