பதிவுக்கும் முதல் வழக்குக்கும் நடுவே

சட்டம் படித்தவரை ஊரில் ரிசல்ட் வந்த அன்றே 'வக்கீல்' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.எல். ஏறிவிடும். ஆனால் வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஒரு வாய்தாகூடக் கேட்க முடியாது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து ஆண்டு, அல்லது ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்று ஆண்டு படிப்பு. பிறகு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் உறுதிமொழி எடுத்துப் பதிவு. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வு. காகிதத்தில் பாதை இவ்வளவுதான்.

நான் 2006-ல் பதிவு செய்தவன். பார் தேர்வு 2011-ல்தான் வந்தது என்பதால் எழுதாமல் தப்பித்த தலைமுறை. இன்று என் ஆபீசுக்கு வரும் ஜூனியர்கள் அதை எழுதிவிட்டு வருகிறார்கள். நூறு கேள்விகள், மூன்றரை மணி நேரம், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் தேர்ச்சி. 'பேர் ஆக்ட்' எனப்படும், விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை, குறிப்பு எதுவும் எழுதாமல் கையில் வைத்துக்கொள்ளலாம். தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். சட்டப் புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவுகிறது. ஆனால் அதில் தேறியவர்கள் பலர் ஒரு பிராதை, அதாவது சிவில் வழக்கைத் தொடங்கும் மனுவை, முழுசாகப் பார்த்ததே இல்லை. கல்லூரியில் டிராஃப்டிங்குக்கு ஒரு தாள் உண்டுதான். ஒருத்தர் எழுதிய ரெக்கார்டை வகுப்பே பார்த்து எழுதும், அட்டை போட்டுக் கொடுக்கும், அதோடு சரி.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், சீனியருக்கு முன்னால் அவருடைய குமாஸ்தாவைத்தான் சொல்வேன். பாளையங்கோட்டை கோர்ட்டில் அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஒரு பிராதைக் கையில் வாங்கிப் புரட்டினால், இது எந்தக் குறைக்காக ரிட்டர்ன் ஆகும் என்று ஃபைலிங் செக்‌ஷனுக்குப் போகுமுன்பே சொல்லிவிடுவார்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தது. தாமிரபரணிக் கரையில் வாழை போட்ட நஞ்சை. அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகன்களுக்கும் சமபங்கு, அதில் சிக்கல் இல்லை. வழக்குப் போட வந்தது மகள்; அந்த அம்மா கட்டிக்கொண்டு போனது தூத்துக்குடிப் பக்கம். நிலத்தைப் பார்ப்பது, வாழைத்தார் விற்பது எல்லாம் அண்ணன் தம்பிகள். சீனியர் பிராதை எழுதச் சொல்லிவிட்டு மதுரைக் கிளைக்குப் போய்விட்டார். பேனாவைத் திறந்தபோது அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எழுதுறதுக்கு முன்னாடி அந்தம்மாட்ட ஒண்ணு கேட்டுக்கிடுங்க. அவங்க சொத்துல சேந்து அனுபவிச்சுட்டு இருக்காங்களா, இல்ல வெளிய தள்ளிட்டாங்களா? அந்த ஒரு வரிலதான் துட்டு இருக்கு."

நிஜமாகவே துட்டு அதில்தான் இருந்தது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் பாகப்பிரிவினைக்கு 37-ஆவது பிரிவு. கூட்டு அனுபோகத்திலிருந்து வாதி விலக்கப்பட்டிருந்தால் அவருடைய பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அன்றைக்கு அது ஏழரை சதவீதம். 2017-ல்தான் மூன்று சதவீதமாகக் குறைந்தது. கூட்டு அனுபோகத்தில் இருப்பதாகச் சொன்னால் ஒருசில நூறு ரூபாயோடு போய்விடும். பத்து லட்ச ரூபாய் பங்குக்கு எழுபத்தைந்தாயிரம் ஒரு பக்கம், நூறு ரூபாய்த் தாள் ஒன்றிரண்டு மறுபக்கம்.

அந்த அம்மாவிடம் கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்லருந்து ஒத்தப் பைசா தரல, வாழத்தாருகூட வீட்டுக்கு வந்ததில்ல" என்றார். இதைக் கேட்டதும் புதிதாக வந்தவன் என்ன எழுதுவான்? 'வாதியைச் சொத்திலிருந்து விலக்கி வைத்துள்ளனர்' என்றுதான். ஆனால் வருமானத்தில் பங்கு தராமல் இருப்பதும் சொத்திலிருந்து வெளியேற்றுவதும் ஒன்றல்ல; ஒரு பங்குதாரர் அனுபவிப்பது சட்டத்தின் பார்வையில் எல்லாருக்குமாக அனுபவிப்பது. இதே 37-ஆவது பிரிவில், இதே மாதிரிக் கேள்வியில், நீலாவதி வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அண்ணாச்சிக்கு அந்த வழக்கின் பெயர் தெரியாது. அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதலாம், 'விலக்கி வைத்தனர்' என்ற முடிவை மட்டும் நாமாகச் சேர்க்கக்கூடாது என்பது தெரியும். தீர்ப்பை அன்று சாயங்காலம் சீனியரின் புத்தக அலமாரியில் தேடி எடுத்துப் படித்தேன். வாசகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி எழுதி, கடைசியில் அந்த அம்மா பேசியதற்கு மாறாக ஒரு சொல்லும் இல்லாமல் அந்தப் பத்தி அமைந்தது. பொய் எழுதாமல் கட்சிக்காரரின் பணத்தை மிச்சப்படுத்துவது என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

பிராது ரிட்டர்ன் ஆகாமலா இருந்தது? ஆனது. சொத்து விவரத்தில் நான்குமால் (நாலு பக்க எல்லை) சரியில்லை, வக்காலத்தில் வக்கீல் நலநிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டவில்லை என்று டாக்கெட் தாளில் வரிசையாக எழுதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதி, கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும். ஃபைலிங் கிளார்க்கிடம் கோபப்பட்டால் கட்டு அடியில் போய்விடும் என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

இந்தப் பாடத்தை எல்லோருக்கும் முறையாகக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் இருந்தன. என் சீனியர் அப்படி அப்ரண்டிஸாக இருந்து வந்தவர். 1973 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 1995-ல் அகில இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் பார் தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, சுதீர் வழக்குத் தீர்ப்பு சரியல்ல என்று சொல்லிவிட்டது. அதிகாரம் திரும்பி வந்தது, பயிற்சி ஆண்டு வரவில்லை. ஆக, தொழிலின் முக்கியமான படிப்பு இன்னமும் ஒரு சீனியரின் தயவிலும் வீட்டில் இருப்பவர்களின் சம்பாத்தியத்திலும்தான் ஓடுகிறது.

தயவு என்று சும்மா சொல்லவில்லை. நான் ஜூனியராக இருந்தபோது மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பஸ் செலவுக்கு எப்போதாவது, தீபாவளிக்கு வேட்டி சட்டையோடு ஒரு கவர். அப்பா பென்ஷன்காரர் என்பதால் நான் தாக்குப்பிடித்தேன். என்னைவிட நன்றாகப் படித்த நண்பர்கள் மெடிக்கல் ரெப்பாகவும் பேங்க் கிளார்க்காகவும் போனார்கள். கறுப்புக் கோட்டு வாங்குவதற்கே கடன் வாங்கியவர்கள் உண்டு. பதிவுக் கட்டணம் சட்டப்படி 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. அதன் மேல் இதர கட்டணம் என்று ஏற்றி ஏற்றி ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை வாங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது.

அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அகில இந்திய பார் கவுன்சிலும் அதே தொகையைப் பரிந்துரைத்தது, கட்டாயம் என்று சொல்லாமல். மாநில அரசு 2020 முதல் இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டு மாதம் 3,000 கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் 15,000 கொடுக்கும் ஆபீஸ்கள் குறைவு. இழுத்துப் பிடித்து நான் கொடுக்கிறேன். கொடுக்காத சீனியர் எல்லாம் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். சில ஆபீஸ்களில் சீனியருக்கே மாதம் அவ்வளவு நிற்பதில்லை.

இப்போதைய ஜூனியர்களுக்கு ஒரு விதத்தில் எங்களைவிட வசதி. 2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததில் நாங்களும் அவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்துவிட்டோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆவது பிரிவு என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு என்று எனக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. நான் தடுமாறும்போது ஜூனியர் பக்கத்தில் நின்று மெதுவாக எண்ணைச் சொல்கிறார்.

அவர் நாங்குநேரிப் பக்கம், குடும்பத்தில் முதல் வக்கீல். சிவில் நீதிபதி ஆக வேண்டும் என்று வந்தவர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று மறுபடி சொன்னதும் அவர் வீட்டில் ஒரே புலம்பல். பத்து ஆண்டு அனுபவம் உள்ள வக்கீல் சான்று கொடுக்க வேண்டும், அதை நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ப்பின் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிராதைப் பார்க்காதவர் பிராதைத் திருப்பி அனுப்பும் நாற்காலியில் உட்காரக்கூடாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுச் சோற்றுக்கு வழியை யாரும் எழுதிவைக்கவில்லை. கட்டாயமாக்கிய கையோடு அந்த 15,000-ஐயும் கட்டாயமாக்கியிருந்தால் அவர் அப்பா அவ்வளவு புலம்பியிருக்க மாட்டார்.

அடுத்த மாதம் செக் திரும்பிய ஒரு கேஸில் அவர்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்; எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நாங்கள், ஃபீஸ் முழுக்க அவருக்கு. பேங்கிலிருந்து தகவல் கிடைத்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். செக் திரும்பியதற்கு பேங்க் கொடுக்கும் ரிட்டர்ன் மெமோவில் இருக்கும் தேதிக்கும், அது கைக்கு வந்ததாகப் புகார்தாரர் சொல்லும் தேதிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். பேங்க் மேனேஜரைச் சாட்சிக்கு அழைக்க மனு போடலாமா சார் என்று கேட்டார். போடச் சொல்லியிருக்கிறேன்.