ஜிம்னிக்கு ஏ/டி டயர், இலகுவான ரிம்: தராசில் வைத்துத் தேர்ந்தெடுத்தது

என்னுடையது மாருதி சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னி, நான்கு சக்கர இழுவை உள்ள சிறிய வண்டி; ஸீட்டா மேனுவல். கம்பெனியிலிருந்து 195/80 ஆர்15 அளவில் நெடுஞ்சாலை டயரும், ஐந்தரை அங்குல அகலத்தில் இரும்பு ரிம்மும் வந்தன. மோசமான டயர் என்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குத் தார்ச்சாலையில் மட்டும் போய் வருகிறவருக்கு அதை மாற்றவே தேவையில்லை. எனக்குத் தோப்புக்குள் ஈரமண் உண்டு. நண்பர்களின் எஸ்டேட் பாதைகளில் உடைகல் உண்டு. மழை பெய்த மறுநாள் வரப்போரம் ஏறும்போது அந்த டயர் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஏ/டி, அதாவது தாரிலும் மண்ணிலும் ஓடும் 'ஆல் டெரெய்ன்' டயர், போடுவது என்று முடிவாயிற்று. எந்த அளவு, எவ்வளவு எடை என்பதில்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஜிம்னி வைத்திருப்பவர்களில் பலர் 235/75 ஆர்15-க்குத்தான் போகிறார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. வீல் ஆர்ச் நிறைந்து நிற்கும். டயர் கடையிலும் அதைத்தான் சொன்னார்கள். "ஜிம்னி வாங்கிப்போட்டு சின்ன டயருல ஓட்டுனா எப்படீங்ணா?" என்றார் கடைக்காரர். ஆனால் என் வண்டியில் இருப்பது 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர் தரும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின். வெறும் வண்டியே 1195 கிலோ. ஆழியாறிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். இப்போதே சில வளைவுகளில் இரண்டாவது கியர் தொங்குகிறது.

அதனால் முதலில் கணக்குப் போட்டேன். 195/80 ஆர்15 என்றால் டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156. மேலும் கீழும் சேர்த்து 312. ரிம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். கூட்டினால் மொத்த விட்டம் 693. இதே கணக்கில் 215/75 ஆர்15-க்கு 703.5, 235/75 ஆர்15-க்கு 733.5. முதலாவது பழைய அளவைவிட ஒன்றரை சதவீதம் பெரிது, இரண்டாவது கிட்டத்தட்ட ஆறு சதவீதம். தரை இடைவெளி கூடுவது விட்ட வித்தியாசத்தில் பாதிதான்: ஒன்றில் 5 மில்லிமீட்டர், மற்றதில் 20.

அப்புறம் எடை. கொக்கியில் தொங்கவிடும் எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் முதலில் விசித்திரமாகப் பார்த்தார், பிறகு அவரே டயர்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என் பழைய டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்து 19 கிலோவை ஒட்டி வந்தது. கடையில் இருந்த 235/75 எல்டி (லைட் டிரக், தடித்த சுவர்) வகை டயர் ஒன்று தனியாகவே 16 கிலோவை நெருங்கியது. அதற்கு அவர்கள் காட்டிய ஏழு அங்குல வார்ப்பு அலாய் ஏறக்குறைய 10. இரண்டும் சேர்ந்தால் சக்கரத்துக்கு 7 கிலோ கூடுதல். நான்கு சக்கரத்துக்கு 28, ஸ்டெப்னியோடு 35.

எடை கூடினால் வண்டி இழுக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணக்கைப் போட்டபின் படம் வேறு மாதிரி தெரிந்தது. இரண்டு பேர் உட்கார்ந்த வண்டி 1335 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 28 கிலோ என்பது அதில் இரண்டு சதவீதம். சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது அதற்குமேல் முக்கால் மடங்கு இன்னொரு முறை கணக்கில் வரும், அப்போதும் நாலு சதவீதத்தைத் தாண்டாது. சீரான வேகத்தில் மேடு ஏறும்போது அந்தச் சுழற்சிக் கணக்கே கிடையாது. விட்டமோ எல்லா நேரத்திலும் தின்னும். டயர் ஆறு சதவீதம் பெரிதானால், அதே கியரில் சாலையைத் தள்ளும் விசை ஐந்தரை சதவீதம் குறைகிறது. ஏற்றத்திலும் அப்படித்தான், சமதளத்திலும் அப்படித்தான். ஆகவே பெரிய டயர் போட்டு வண்டி மந்தமானது என்பவர்கள் எடையின் மேல் போடும் பழியில் பெரும்பகுதி விட்டத்துக்குப் போக வேண்டியது.

அப்படியானால் இலகுவான டயரும் ரிம்மும் எதற்கு? குலுக்கலுக்காக. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு, அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கனமான தண்டு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை ஏற்கெனவே அதிகம். அதோடு சக்கரத்துக்கு ஏழு கிலோ சேர்ந்தால் குழியில் இறங்கிய சக்கரம் சட்டென்று திரும்பித் தரையைப் பிடிக்காது, ஷாக் அப்சார்பர் திணறும், அந்த அடி முழுவதும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு வரும். இன்னொன்று, ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. ஏழு கிலோ கூடுதலாகத் தொங்கினால் கதவின் கீலும் பூட்டும்தான் தாங்கியாக வேண்டும். கரடுமுரடான பாதையில் அந்தக் கதவு படும் பாட்டை நான் கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் வைத்து 215/75 ஆர்15 என்று முடிவு செய்தேன். இந்த அளவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது பொலிரோவின் அளவு. தமிழ்நாட்டில் பொலிரோ ஓடாத ஊர் எது? நடுவழியில் டயர் கிழிந்தால் ஏதாவது ஒரு டவுனில் அதே அளவு கிடைத்துவிடும். தேவைப்பட்டால் ஐந்தரை அங்குல இரும்பு ரிம்மிலேயும் இதை ஏற்றலாம். 235-க்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும்.

இதே அளவிலேயே இரண்டு வகை உண்டு. அளவுக்கு முன்னால் 'எல்டி' என்று எழுதியிருந்தால் அது லைட் டிரக் வகை. சுவர் தடிமன், எடை கூடுதல், அதே பாரத்துக்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். பாறை மேல் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது சரி. 1200 கிலோ வண்டிக்கு அந்தச் சுவர் மடங்கவே மடங்காது, குதித்துக்கொண்டே போகும். எல்டி இல்லாத சாதாரண வகையில் யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 எடுத்தேன். அப்பல்லோ அப்டெர்ரா ஏடி2-வும் பட்டியலில் இருந்தது, அதுவும் நல்ல டயர்தான். என் தராசில் ஜியோலாண்டர் 12 கிலோவை ஒட்டி நின்றது. பாரக் குறியீடு 100, அதாவது ஒரு டயர் 800 கிலோ தாங்கும். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்கத் தவறாதீர்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து டயருக்கும் தேதி ஒட்டி வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

ரிம்முக்கு வருவோம். ஜிம்னிக்கு ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை 108, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) +5. நட் 12×1.25 மரை. இந்த பிசிடி ஜிப்ஸிக்கும் உண்டு என்பதால் சந்தையில் ரிம் ஏராளம், ஆனால் பெரும்பாலானவை அகலமானவை, கனமானவை. வார்ப்பு அலாய் என்றாலே இரும்பைவிட இலகு என்று நினைக்க வேண்டாம். தடிமனாக வார்த்த அலாய் பல, என் இரும்பு ரிம்மைவிட அதிக எடை காட்டின. ஃப்ளோ ஃபார்ம் என்ற முறையில் நடுப்பகுதியை வார்த்துவிட்டு, சூடேற்றிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி வெளிவளையத்தை நீட்டுகிறார்கள். உலோகம் இறுகுவதால் மெல்லிய வளையமே போதுமான பலம் தரும். அந்த வகையில் 15×6, ஆஃப்செட் 0, எடை 7 கிலோ சொச்சம் உள்ளதைப் பிடித்தேன். ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்து உருவாக்கிய ரிம் இன்னும் இலகு, ஆனால் அதன் விலைக்கு ஐந்து டயரையும் வாங்கி மீதியும் வைத்துக்கொள்ளலாம். ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் ரிம் தரம்) முத்திரை இல்லாத ரிம்மை நான் தொடவில்லை. மலைப்பாதையில் விரிசல் விட்டால் விளையாட்டில்லை.

ஆஃப்செட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரை அங்குலம் அகலம் கூடியதில் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் சொச்சம், ஆஃப்செட்டில் 5. மொத்தம் 11 மில்லிமீட்டர்தான் வெளியே வந்தது. வீல் ஆர்ச் ஃபிளேருக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஏழு அங்குலம், ஆஃப்செட் -10 என்று போனால் 34 மில்லிமீட்டர் வெளியே வரும். ஸ்டியரிங் உதறும், பேரிங் சீக்கிரம் தேயும், கதவெல்லாம் சேறு.

மாட்டியபின் எடை போட்டதில் மொத்தம் பழையபடி 19 கிலோதான். டயரில் கூடியது ரிம்மில் குறைந்துவிட்டது. வெளிவட்டத்துக்கு எடை நகர்ந்திருக்கிறது என்பதால் முடுக்கத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்க வேண்டும், ஓட்டும்போது எனக்குத் தெரியவில்லை. வளைவுகளில் அதே கியர், அதே இழுவை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனையைத் தாண்டி ஏறும்போது மனம் குளிர்ந்தது.

பேலன்சிங்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. முழு அச்சு வண்டிகளில் சக்கரம் கொஞ்சம் பேலன்ஸ் தவறினாலும் 60, 70 வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று ஆட ஆரம்பிக்கும், ஜிம்னி இதற்குப் பேர்போனது. முதல் பேலன்சிங்குக்குப் பிறகு லேசான ஆட்டம் இருந்தது. ரிம் மேல் டயரைத் திருப்பி மாட்டி, மறுபடி பேலன்ஸ் செய்ததும் நின்றது. நட்டை நியூமேடிக் கன்னால் அடித்து முறுக்கவிடாமல் டார்க் ரென்ச்சில் 100 நியூட்டன் மீட்டர் வைக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி ஒரு முறை பார்த்தேன்.

மண்ணில் எப்படி? தோப்பின் ஈரமண்ணிலும் எஸ்டேட் உடைகல்லிலும் இரவு பகல் வித்தியாசம். முன்பு 4எல் (நான்கு சக்கர இழுவை, குறைந்த கியர்) போட்டு ஏறிய மேட்டை இப்போது 4எச்-இல் (அதே இழுவை, சாதாரண கியர்) ஏறுகிறேன். காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் கல்பாதை இன்னும் மெத்தென்று ஆகிவிடும். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள். உடுமலைப் பக்கத்துக் கரிசலில் மட்டும் இதன் பாச்சா பலிக்காது. மழையில் ஊறிய கரிசல் டயரின் பட்டன்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டு சிறிது நேரத்தில் டயரே மொழுக்கென்று ஆகிவிடுகிறது. எந்த ஏ/டி போட்டாலும் இதுதான் நிலை. கரிசல் காய்கிற வரை காத்திருப்பது ஒன்றே வழி.

தார்ச்சாலையில் 60-க்கு மேல் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. மழையில் பிரேக் பிடிப்பு பழையதற்குச் சளைத்ததில்லை. மைலேஜ் லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர்போலக் குறைந்திருக்கிறது. டயர் ஒன்றரை சதவீதம் பெரிது என்பதால் ஓடோமீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டும், அதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். தார்ச்சாலைக்கான காற்று அளவைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடியே வைத்து, ட்ரெட்டின் (தரையில் படும் பகுதி) குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். கோடு சீராக அழிந்தது, அதனால் மாற்றவில்லை.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயர் அளவை மாற்றுகிறவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய சக்கரங்கள் ஐந்தையும் விற்காமல் ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

நான்கு டயர் மட்டும் வாங்கி ஸ்டெப்னியைப் பழையதாக விடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜிம்னியில் விடாதீர்கள். 4எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் விட்டம் மாறினால் அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) மேல் முறுக்காக ஏறும். அதனால் ஐந்தையும் ஒன்றாக வாங்கி, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரச் சுழற்சியில் மாற்றிக்கொண்டு வருகிறேன். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ட்ரெட் ஆழத்தை அளந்து டேஷ்போர்டு பெட்டியில் உள்ள நோட்டில் எழுதிவைக்கிறேன், இதுவரை ஐந்தும் ஒரே சீராகத் தேய்கின்றன.