திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கிவிட்டால்

"சார், நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்." இந்தப் பதில் உங்களை வழக்கிலிருந்து காப்பாற்றலாம். பொருளைக் காப்பாற்றாது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27: விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருட்டு பைக் எத்தனை கை மாறினாலும் பறிகொடுத்தவருக்கே சொந்தம்.

ஆனால் விற்றவர் கைக்குப் பொருள் எப்படி வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செல்லாத செக்கைக் கொடுத்து ஒருவர் கேமரா வாங்குகிறார் என்று வையுங்கள். உரிமையாளர் ஏமாந்துதான் விற்றார், ஆனாலும் விற்றார். அவர் அந்த விற்பனையை ரத்து செய்வதற்கு முன்பு, விவரம் தெரியாமல் நீங்கள் வாங்கியிருந்தால் பிரிவு 29-ன்படி கேமரா உங்களுடையது. அதே கேமராவை வாடகைக்கு எடுத்தவர் விற்றிருந்தால் உங்களுக்கு உரிமை இல்லை. ரிப்பேருக்கு விட்ட வண்டியை மெக்கானிக் விற்றாலும் அப்படித்தான். விற்றுத் தரச் சொல்லி ஒப்படைத்த வண்டியை, சொன்ன விலைக்குக் கீழே டீலர் தள்ளிவிட்டால் மட்டும் வாங்கியவர் பக்கம் சட்டம் நிற்கும். ஆர்.சி.யை அப்புறம் தருகிறேன் என்றாலோ, விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தாலோ, 'நல்லெண்ணத்தில் வாங்கினேன்' என்ற வாதம் எடுபடுவது கஷ்டம்.

போன் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பிளாக்லிஸ்டில் இருந்தால் தெரிந்துவிடும். வண்டி என்றால் சேஸிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் பதிவு இருந்தால் கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, விற்றவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள்.

திருட்டு என்று தெரிந்த பிறகு வேறொருவர் தலையில் கட்டிவிடவே கூடாது. தெரிந்தே வைத்திருப்பதும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) பிரிவு 317-ன்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. போலீஸ் எடுத்துப்போனால் கைப்பற்றல் மகஜரின் (எடுத்த பொருளின் விவரம் எழுதிய பதிவு) நகலைக் கேளுங்கள்.

பணத்துக்கு வழி, சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 14. தனக்கு உரிமை உண்டு என்று சொல்லித்தான் ஒருவர் விற்கிறார், அது பொய்யானால் விலையைத் திருப்பிக் கேட்கலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. ஆள் கிடைக்காவிட்டால் இதெல்லாம் வீண், அதற்குத்தான் அந்த அடையாள அட்டை. திருடனிடமே வாங்கியிருந்து, கைதானபோது அவனிடம் பணம் பிடிபட்டிருந்தால், தண்டனைக்குப் பிறகு பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 499-ன்கீழ் கோர்ட்டில் மனு போடுங்கள். பொருள் உரிமையாளருக்குப் போய்ச் சேர்ந்ததும், நீங்கள் கொடுத்த விலைக்கு மிகாமல் அந்தப் பணத்திலிருந்து தர கோர்ட் உத்தரவிடலாம்.